காயங்களோடு வரும் சமாதானம்



சமாதானம் என்ற சொல்லைப் போல் நம் நாட்டிலே தேய்ந்துபோன சொல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. திருப்பலியிலே நற்கருணை உட்கொள்ளுமுன் அயலில் நிற்பவரின் முகம் பார்த்து அதைச் சொல்லுகிறோம். சேமக்காலையிலே சிலுவைகளின் கீழ் அதைப் பொறித்து வைக்கிறோம். அரசியல் மேடைகளிலே அதைக் கேட்டுக் கேட்டு நமது செவிகள் மரத்துப்போயின. 2002இல் ஒப்பந்தம் கைச்சாத்தானபோதும், அது குலைந்து போர் மீண்டபோதும், 2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்தபோதும் இதே சொல்லைத்தான் எல்லோரும் பேசினார்கள். ஆகவே ஒரு குருவானவர் ‘நாள்தோறும் சிறிது நேரம் மௌனமாக இருந்து செபியுங்கள், உள்ளத்தில் சமாதானம் உண்டாகும்’ என்று எழுதும்போது, அதை வாசிக்கும் ஒருவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுப் பெருமூச்சு விடக்கூடும். அந்தப் பெருமூச்சை நாம் அலட்சியம் செய்தலாகாது. அதற்குள்ளே ஒரு நேர்மையான கேள்வி இருக்கிறது.

மகனைத் தன் கையாலேயே ஒப்படைத்துவிட்டு, 2009 தொடக்கம் இன்றுவரை அவன் இருக்கிறானா இல்லையா என்று அறியாமல் வாழும் ஒரு தாய்க்கு உள்ளத்துச் சமாதானம் எப்படி உண்டாகும்? உண்டாகத்தான் வேண்டுமா? அவள் சமாதானம் அடைந்துவிட்டால், மகனை மறந்துவிட்டாள் என்று ஆகாதா? 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் திகதி உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும், கட்டுவப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் செபிக்கச் சென்ற இடத்திலேயே பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம், மன அமைதி பெறுங்கள் என்று சொல்வது தகுமா? சுருங்கச் சொன்னால், செபத்தினால் வரும் உள்ளமைதி என்பது துன்பப்படுகிறவனைச் சத்தமில்லாமல் கிடக்கச் செய்யும் ஒரு மயக்கமருந்து தானா?

இக்கேள்வியைக் கேட்பவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் அதிகமாக அன்பு செய்தவர்களே இதைக் கேட்கிறார்கள். இதற்கு விடை தேடாமல் செபிக்கும் முறைகளைப் பற்றி மட்டும் எழுதுவது, பசியோடு வாசலில் நிற்பவனுக்குச் சாப்பிடும் ஒழுங்கைக் கற்பிப்பதற்கு ஒப்பாகும். ஆகையால் முதலில் கேள்வியைப் பார்ப்போம், பின்னர் முறைக்கு வருவோம்.

பொய்ச் சமாதானம்

போலிச் சமாதானம் ஒன்று உண்டு என்பதை வேதாகமமே ஒத்துக்கொள்ளுகிறது. மக்களின் காயத்தை மேலோட்டமாகக் கட்டிவிட்டு, எல்லாம் சுகமே என்று சொல்லித் திரிந்தவர்களை இறைவாக்கினர் எரேமியா வன்மையாகக் கண்டித்தார் (எரேமியா 6:14). கண்டிக்கப்பட்டவர்களில் குருக்களும் இருந்தார்கள் என்பதை என் போன்றவர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது.

இப்போலிச் சமாதானம் பல வேடங்களில் வரும். மறதி ஒரு வேடம். நடந்தது நடந்துபோயிற்று, அதைக் கிளறாதே என்று சொல்லி, ஆறாத புண்ணின் மேல் புதுச் சட்டையைப் போட்டுக்கொள்வது அது. அலட்சியம் இன்னொரு வேடம். ‘என் வீடு, என் பிள்ளைகள், வெளிநாட்டுக் காசு, எனக்கென்ன குறை’ என்று கதவைச் சாத்திக்கொள்ளுகிறவனுடைய நெஞ்சிலும் ஒருவித அமைதி இருக்கத்தான் செய்கிறது. களைப்பு மூன்றாவது வேடம். அழுது அழுது ஓய்ந்துபோனவன் சும்மா இருப்பதைப் பார்த்து, அவன் தேறிவிட்டான் என்று அயலவர் நினைத்துக்கொள்ளுகிறார்கள். சேமக்காலையும் அமைதியான இடந்தான். ஆனால் அங்கே போய்க் குடியிருக்க எவரும் விரும்புவதில்லை.

செபம் இவற்றுள் ஒன்றைத் தருவதற்கான வழியாக இருக்குமானால், மேலே சொன்ன கேள்வியே சரி. அத்தகைய சமாதானத்தை மறுத்து நிற்கும் தாயே உண்மையின் பக்கம் நிற்கிறாள் என்று நானும் சொல்லுவேன்.

காயங்களைக் காட்டியவர்

ஆனால் யேசு தந்த சமாதானத்தை உற்று நோக்குங்கள். உயிர்த்த நாளின் மாலையிலே, பயத்தினால் கதவுகளை அடைத்துக்கொண்டு சீடர்கள் உள்ளே இருந்தார்கள். ஆண்டவர் அவர்கள் நடுவே வந்து நின்று சமாதானம் கூறினார். அதைச் சொன்ன கையோடு அவர் செய்தது என்ன? தம் கைகளையும் விலாவையும் அவர்களுக்குக் காட்டினார் (யோவான் 20:19-20). சாவை வென்று மகிமையோடு எழுந்த உடலிலே ஆணித் தழும்புகள் அழிந்துபோயிருக்கலாமே! அழியவில்லை. எட்டு நாள் கழித்துத் தோமையாருக்கும் அதே தழும்புகளையே காட்டினார். இன்னார் என்று அவரைச் சீடர்கள் அடையாளம் கண்டுகொண்டது அக்காயங்களைக் கொண்டே.

இதிலிருந்து நாம் அறிவது யாது? கிறிஸ்துவின் சமாதானம் காயத்தை மறைப்பதில்லை, நடந்ததை நடக்கவில்லை என்று சொல்வதுமில்லை. காயம் இருந்தபடியே இருக்க, அதற்குள்ளே வெறுப்பும் சாவும் ஆட்சி செய்ய முடியாமற் போகிறது. காயம் திறந்திருப்பது ஒன்று, காயம் அழுகிப்போவது இன்னொன்று.

அவர் செபத்தைப் பற்றிக் கற்பித்த விதத்தையும் பாருங்கள். மனந்தளராமல் எப்பொழுதும் செபிக்க வேண்டும் என்பதற்கு அவர் கூறிய உவமையின் தலைவி யார்? குகையிலே கண்மூடி இருந்த ஒரு முனிவர் அல்லர். நீதி கேட்டு, கடவுளுக்கும் அஞ்சாத ஒரு நடுவனுடைய வாசலிலே நாளுக்கு நாள் போய் நின்ற ஓர் ஏழைக் கைம்பெண் (லூக்கா 18:1-8). 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலே தொடங்கி, வடக்குக் கிழக்கின் வீதியோரக் கொட்டகைகளிலே வெயிலிலும் மழையிலும் பிள்ளைகளின் படங்களை நெஞ்சோடணைத்து இருந்த தாய்மாரையும் தந்தைமாரையும் நினைத்துக்கொண்டு அவ்வுவமையை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவர்களுள் பலர் தேடிக்கொண்டே கண்மூடிவிட்டார்கள். நீதி கேட்பதும் செபிப்பதும் ஒன்றுக்கொன்று பகையான காரியங்கள் என்று எண்ணுபவர்களுக்கு அந்தக் கைம்பெண்ணே விடை.

கோபம் எல்லாமே பாவம் என்றும் திருச்சபை போதிக்கவில்லை. நியாயத்துக்குக் கட்டுப்பட்ட கோபம் மெச்சத்தக்கது என்பதே புனித தோமஸ் அக்குவினாரின் போதனை. புனித அகுஸ்தீனாரோ ‘இறைவனின் நகர்’ என்னும் தமது பெருநூலின் 19ஆம் பகுதியில், சமாதானத்தை ஒழுங்கோடு சேர்த்தே விளக்குகிறார். ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் இருக்கும்போது உண்டாகும் நிலை அது. இதை நம் உள்ளத்துக்குப் பொருத்திப் பார்த்தால், துயரம் துயரத்தின் இடத்திலும், கோபம் கோபத்தின் இடத்திலும், அன்பு அவை அனைத்துக்கும் மேலான இடத்திலும் இருப்பதே சமாதானம் எனலாம். துயரத்தை வீட்டை விட்டுத் துரத்த வேண்டியதில்லை. அது வீட்டுக்கு எசமானாகிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அப்படியானால் மௌனம் எதற்கு?

இங்கேதான் நாளாந்த மௌனத்தின் தேவை புலப்படுகிறது. நமக்குள்ளே எது அன்பினால் எழும் கோபம், எது பழிவாங்கும் வெறி, எது உண்மையான துயரம், எது நம்மை நாமே நொந்துகொள்ளும் சுகம் என்று பிரித்தறிவது எளிதன்று. எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. இரைச்சலின் நடுவே நின்றுகொண்டு அவற்றைப் பிரிக்க இயலாது. இன்றைய இரைச்சலோ கொஞ்சநஞ்சமன்று. கண் விழித்தவுடன் கைத்தொலைபேசியை எடுக்கிறோம். கனடாவிலிருந்து ஒரு செய்தி, கொழும்பிலிருந்து ஒரு வதந்தி, யாரோ யாரையோ திட்டி முகநூலில் எழுதிய பத்து வரிகள். காலைச் செபத்துக்கு முழந்தாளிடுமுன் உலகத்துக் கோபமெல்லாம் நம்முடைய கோபமாகிவிடுகிறது. பின்னர் நாள் முழுவதும் எவருடைய கோபத்தையோ சுமந்துகொண்டு திரிகிறோம்.

எலியா இறைவாக்கினரின் கதை இங்கே நமக்குப் பாடமாகிறது (அரசர்கள் முதல் நூல் 19). கொலை மிரட்டலுக்கு அஞ்சி ஓடி, பாலைநிலத்திலே ஒரு செடியின் கீழ் விழுந்து, சாவு வந்தால் போதும் என்று கேட்டவர் அவர். இறைவன் அவருக்கு முதலிற் கொடுத்தது உபதேசமன்று. உறக்கமும், சுட்ட அப்பமும், தண்ணீரும் கொடுத்தார். பின்பே ஓரேபு மலைக்கு வழிநடத்தினார். அங்கே பாறைகளைப் பிளக்கும் காற்று வீசிற்று, நிலம் அதிர்ந்தது, தீ எழுந்தது. அவற்றிலே ஆண்டவர் இருக்கவில்லை. எல்லாம் ஓய்ந்த பின் மெல்லிய ஓர் ஓசை கேட்டது. எலியா முகத்தை மூடிக்கொண்டு குகை வாயிலில் வந்து நின்றார்.

அநேகர் கதையை இவ்விடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததே முக்கியமானது. இங்கே உனக்கு என்ன வேலை என்ற கேள்வியை இறைவன் முன்பு கேட்டது போலவே மறுபடியும் கேட்டார். எலியாவும் தன் முறைப்பாட்டை ஒரு சொல்லும் குறையாமல் மறுபடியும் சொன்னார். இறைவன் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளவில்லை, வந்த வழியே திரும்பிப் போ என்று வேலை கொடுத்து அனுப்பினார். அரசர் இருவரையும், தமக்குப் பின் வரவேண்டிய எலிசேயுவையும் அபிஷேகம் செய்யும் பணி அது. குகையிலே கிடைத்த மௌனம் அவரைக் குகையிலேயே இருத்திவிடவில்லை.

யேசுவின் வாழ்விலும் இதையே காண்கிறோம். விடியுமுன் எழுந்து தனிமையான இடத்துக்குப் போய்ச் செபித்தார். சீமோன் தேடி வந்தபோது, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று எழுந்தார் (மாற்கு 1:35-38). தப்பியோடுகிறவனும் தனிமையைத் தேடுகிறான், செபிக்கிறவனும் தனிமையைத் தேடுகிறான். எழுந்த பின் எத்திசையில் நடக்கிறார்கள் என்பதைக் கொண்டே இருவரையும் வேறுபிரிக்கலாம்.

கிணறு இறைக்கும் நாள்

இனி, முயன்று பார்த்துக் கைவிட்டவர்களோடு சில வார்த்தைகள். ‘சுவாமி, செபிக்க இருந்தால் மனம் இன்னும் கூடக் குழம்புகிறதே’ என்பது குருமார் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. அது உண்மையே. நம் வீட்டுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கும் நாளை எண்ணிப் பாருங்கள். மேலே தெளிந்து கிடந்த தண்ணீர் இறைக்க இறைக்கச் சேறாகிறது. விழுந்த வாளியும், உடைந்த கயிறும், ஆண்டுக்கணக்கில் படிந்த சகதியும் அப்போதுதான் வெளியே வருகின்றன. அந்நேரத்தில் எட்டிப் பார்க்கும் சிறு பிள்ளை, கிணற்றைப் பழுதாக்கிவிட்டார்கள் என்றுதான் நினைக்கும். பெரியவர்களோ ஊற்றுக்கண் திறக்கும்வரை இறைப்பதை நிறுத்துவதில்லை. மௌனத்தில் எழும் குழப்பம் செபம் தவறிவிட்டதன் அடையாளமன்று. நாம் நமக்குள்ளே மூடிவைத்தவை மேலே வருகின்றன, அவ்வளவே.

மகான்கள் எல்லோரும் கண் மூடியவுடன் பரவசமானார்கள் என்று நினைப்பதும் தவறு. நான்காம் நூற்றாண்டிலே எகிப்தியப் பாலைநிலத்தில் வாழ்ந்த எவாக்கிரியுஸ் என்னும் துறவி, நடுப்பகலிலே துறவியை வாட்டும் சலிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். பிடிபட்ட துறவி யன்னலைப் பார்ப்பானாம், வெளியே வந்து சூரியனை அண்ணாந்து பார்ப்பானாம், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்கிடுவானாம். நாம் இன்று கைத்தொலைபேசியை எடுத்துப் பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

1970இல் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவிக்கப்பட்ட அவிலாவின் புனித தெரேசா (1515-1582), செபவாழ்வின் ஆசிரியை எனப் போற்றப்படுகிறவர். அவரே தமது வாழ்க்கை வரலாற்றில், சில ஆண்டுகளாகச் செபவேளை எப்போது முடியும் என்று மணியோசைக்குக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்ததை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். 1897இல் இளவயதிலேயே மறைந்த லிசியேயின் புனித தெரேசம்மாள் தியான நேரத்தில் தூங்கிவிடுவது வழக்கம். தூங்கும் பிள்ளையையும் பெற்றோர் விரும்பவே செய்கிறார்கள் என்று அவர் ஆறுதல் கொண்டார்.

இவை எல்லாவற்றிலும் ஆழமான சான்று நம் காலத்திலேயே கிடைத்தது. கல்கத்தா அன்னை தெரேசாவின் அந்தரங்கக் கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. ஏழைகளின் நடுவே எப்போதும் புன்னகையோடு நடமாடிய அம்மையார், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாகத் தம் உள்ளத்திலே இறைவனின் அண்மையை உணராமல் இருளிலேயே செபித்தார் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. ஆயினும் செபிக்கும் நேரத்தை அவர் விடவில்லை, தெருவில் கிடந்தவரைத் தூக்குவதையும் விடவில்லை. 2016இல் திருச்சபை அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது.

உள்ளத்திலே இன்பமான உணர்வு தோன்றுவதே சமாதானம் என்றால், அன்னை தெரேசாவுக்குச் சமாதானம் இருக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். அப்படிச் சொல்ல நமக்கு நாவு எழுமா? அவரிடம் இருந்தது உணர்வை விட ஆழமானது. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற பற்றுறுதியிலே, கேட்கும் ஓசை எதுவும் வராதபோதும், இடத்தை விட்டு அசையாமல் இருந்தார். நம் மண்ணின் ஞானிகள் ‘சும்மா இருத்தல்’ என்று போற்றிய நிலையை நாமும் மதிக்கிறோம். கிறிஸ்தவனுடைய மௌனத்தில் அதோடு கூட ஒன்று உண்டு. அவன் தனியே இருக்கவில்லை, ஒருவருக்கு முன்னே இருக்கிறான்.

அந்த ஒருவரிடம் முறையிடவும் தடையில்லை. திருப்பாடல்கள் 150இல் கணிசமானவை புலம்பல்களே. 88ஆவது திருப்பாடல் ஒளியின் கீற்று எதுவுமின்றி இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் இறைவார்த்தை என்று திருச்சபை கையிலேந்தி நிற்கிறது. ஆகவே துயருற்ற தாயே, செபிக்கும்போது நல்ல வார்த்தைகள்தாம் வரவேண்டும் என்று நீ கலங்க வேண்டியதில்லை. மகனுடைய பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு இருந்தாலும் அது செபமே.

மணி அடிக்கும் வேளை

‘ஒழுங்காக’ என்ற சொல்லையும் சிறிது சிந்திப்போம். மனம் வரும்போது செபித்தாற் போதாதா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. மனம் வரும்போது மட்டும் தொழிலுக்குப் போகிறவனுடைய வீட்டிலே அடுப்பு எரியுமா? மீன் படாத நாளிலும் கடற்றொழிலாளி கரையில் இருந்து வலையைச் செப்பனிடுகிறான். படும் நாளிலே வலை கிழிந்திருக்கக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும். துன்பம் நேரம் சொல்லி வருவதில்லை. அது வரும் நாளிலே செபத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது. ஒலிவத் தோட்டத்திலே இரத்த வியர்வை சிந்திய இரவில் யேசு செபித்தது, அவர் வழக்கமாகப் போய்வந்த இடத்திலேயே என்று லூக்கா குறிப்பிடுகிறார் (22:39). அந்த வழக்கமே அந்த இரவில் அவரைத் தாங்கிற்று.

இதற்குப் புதிய முறை எதையும் நாம் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. காலை, நண்பகல், மாலை என மும்முறை அடிக்கும் திரிகால மணி நம் ஊர்களிலே நெடுங்காலம் கேட்ட மணி. அந்த ஓசை கேட்டவுடன் மண்வெட்டியை ஊன்றி நின்று சிலுவை அடையாளம் வரைந்த பாட்டன்மாரை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். இருள் சூழும் வேளையில் திருச்சுரூபத்தின் முன் விளக்கேற்றிச் செபமாலை சொல்லும் வழக்கமும் நம்முடையதே. அந்தப் பழைய அத்திவாரத்தின் மேல் ஒரு கல்லை மட்டும் வையுங்கள் என்றே கேட்கிறேன்.

நாளில் ஒரு கால் மணி நேரம் போதும். அது எந்நேரம் என்பதை இன்றே தீர்மானியுங்கள். இடத்தையும் தீர்மானியுங்கள். விறாந்தையில் ஒரு கதிரை, கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு கல், பள்ளிக்குப் போகும் வழியிலுள்ள ஆலயத்தின் பின்வாங்கு, எதுவாயினும் நன்று. கைத்தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். சிலுவை அடையாளம் வரைந்து, நற்செய்தியில் நாலைந்து வரிகளை மெதுவாக வாசியுங்கள். பின் புத்தகத்தை மூடிவிட்டு, இறைவனுக்கு முன்னால் இருக்கிறேன் என்ற நினைவோடு இருங்கள். நினைவுகள் வரும். ஒவ்வொன்றையும் அதன் பெயர் சொல்லி அவரிடம் கொடுங்கள். கடன் என்றால் கடன், பகை என்றால் பகை, பயம் என்றால் பயம். நேரம் முடிந்ததும் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லி எழும்புங்கள். இரவில் படுக்குமுன் இரண்டு நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து ஆன்ம சோதனை செய்யுங்கள்.

சலிப்பு மிகுந்த நாளிலே என்ன செய்வது? புனித இஞ்ஞாசியார், பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1548இல் அங்கீகரித்த தமது ஆன்மீகப் பயிற்சிகளிலே, இதற்கு ஒரு போர்வீரனுக்குரிய விடையைத் தருகிறார். ஆறுதலற்ற நாளிலே, குறித்த நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக இரு என்பது அவரது அறிவுரை. சோதனைக்கு ஒரு நிமிடத்தை விட்டுக்கொடுத்தால் அது மறுநாள் ஐந்து நிமிடம் கேட்கும் என்பது அனுபவசாலிகள் அறிந்த உண்மை.

வீட்டிலே யாருக்கு அமைதி?

மௌனம் வசதியுள்ளவர்களின் சொத்து என்று ஒரு முறைப்பாடு உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே அறையில் ஏழு பேர் படுக்கும் வீட்டிலே தனியிடம் ஏது? நுண்கடன் தவணைக்காரன் வாசலில் நிற்கும்போது தியானம் ஏது? 2022இல் எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் இரவு பகலாக வரிசையில் நின்ற நாட்களிலே, வீட்டில் இருப்பதற்கே நேரம் இருக்கவில்லை.

ஆகவே அமைதியைத் தேடுவதோடு, பிறருக்கு அதைக் கொடுப்பதும் நம் கடமையாகிறது. இதை முதலில் நம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வீட்டிலே எல்லோருக்கும் முன் எழுந்து, எல்லோருக்கும் பின் படுக்கிறவர் யார்? தகப்பனார் பத்திரிகை வாசிக்கிறார், பிள்ளைகள் படிக்கிறார்கள், தாயார் குசினியிலே நிற்கிறார். செபமாலை நேரத்திற்கூட, அடுப்பிலே கறி கிடக்கிறது என்று பாதியிலே எழும்புகிறவர் அவரே. கணவன்மாரே, வளர்ந்த பிள்ளைகளே, நாளில் ஒரு கால் மணி நேரம் அடுப்படியை நீங்கள் பார்த்துக்கொண்டு அவரை ஆலயத்துக்கோ விறாந்தைக்கோ அனுப்புங்கள். அந்தக் கால் மணி நேரம் அவருக்கு மட்டுமன்றி உங்களுக்கும் செபமாகக் கணக்கிடப்படும்.

பங்குகளுக்கும் இதிலே பங்குண்டு. பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் ஆலயம், போக்கிடமில்லாத ஒருவனுக்கு ஒரேயொரு அமைதியான இடமாக இருந்திருக்கக்கூடும். திருவிழா நாட்களில் ஊரெல்லாம் கேட்க ஒலிபெருக்கி கட்டுகிறோம். அருகிலே நோயாளி ஒருவர் இருக்கலாம், சோதனைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கலாம். பக்தி என்ற பெயரால் பிறருடைய அமைதியைப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை.

கனியைக் கொண்டு அறிவோம்

நமக்கு வந்திருப்பது மெய்ச் சமாதானமா, போலியா என்று எப்படி அறிவது? மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். செபித்து எழுந்த பின், பிறருடைய துன்பம் எனக்கு முன்னை விடத் தெளிவாகத் தெரிகிறதா, மங்கலாகத் தெரிகிறதா? எனக்குத் தீங்கு செய்தவனையும் நீதியின் முன் நிறுத்த விரும்புகிற அதே வேளையில், அவனும் மனிதன் என்று நினைக்க என்னால் முடிகிறதா? உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்திலே வாய் திறக்கும் துணிவு எனக்குக் கூடியிருக்கிறதா? இவற்றுக்கு விடை ஆம் என்றால், மனம் இன்னும் அழுதுகொண்டிருந்தாலும், அங்கே சமாதானம் வேர்விடத் தொடங்கிவிட்டது. விடை இல்லை என்றால், எவ்வளவு இனிமையான தியானமாக இருந்தாலும் அது நல்ல உறக்கமே அன்றி வேறில்லை.

இதற்கு நம் மண்ணிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க விசுவாசம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலே, 1687இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் இங்கு வந்தார் யோசவ் வாஸ் அடிகளார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் அளித்தார்கள். பின்பு 1692இல் கண்டி இராச்சியத்துக்குப் போனபோது, போர்த்துக்கீசரின் ஒற்றன் என்ற சந்தேகத்திலே சிறைவைக்கப்பட்டார். அந்தச் சிறையிலும் அவர் செபவாழ்வை விடவில்லை, சிங்கள மொழியையும் கற்றுக்கொண்டார். 1697இல் கண்டியிலே கொடிய அம்மை நோய் பரவிற்று. பெற்றவர்களே நோயாளிகளைக் கைவிட்டு ஓடிய வேளையிலே, அவர்களைத் தேடிப் போய்க் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தவர் அவரே. தம்மைச் சிறையிட்ட நகரத்துக்கு அவர் செய்த பதில் அது. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அவருடைய உள்ளமைதியை அளக்க எவரிடமும் கருவி இல்லை. ஆனால் அதன் கனியைக் கண்டி நகரின் நோயாளிகள் கண்டார்கள்.

அன்புக்குரியவர்களே, இவ்விதமாகச் சிந்திக்கும்போது, நாம் தொடங்கிய கேள்விக்கு விடை கிடைக்கிறது. செபத்திலே வரும் சமாதானம், காணாமற் போன பிள்ளையை மறக்கச் சொல்லாது. இறந்தவர்களைக் காட்டிக்கொடுக்காது. நீதி கேட்டு உயர்ந்த கையை மடக்கச் சொல்லாது. அந்தக் கை நடுங்காமல் இருக்கவும், அதிலே வெறுப்பின் கல் ஏறாமல் இருக்கவும் அது காவல் நிற்கும். கலங்கிய உள்ளத்தோடு எடுக்கும் முடிவுகளிலே எத்தனை குடும்பங்கள் பிரிந்தன, எத்தனை காணிச் சண்டைகள் தலைமுறை தாண்டின, எத்தனை இளைஞர்கள் போதைக்குள் விழுந்தார்கள் என்பதை நாம் நாள்தோறும் கண்டுகொண்டே இருக்கிறோம். நாட்டிலே சமாதானத்தை உண்டாக்கும் வல்லமை நம் ஒவ்வொருவர் கையிலும் இல்லாதிருக்கலாம். நம் வீட்டு வாசலைத் தாண்டிச் செல்லும் நம்முடைய அடுத்த சொல், சமாதானத்தின் சொல்லாக இருப்பது நம் கையில் உண்டு. அந்தச் சொல் பிறக்க வேண்டிய இடம் மௌனமே.

இப்பத்திரிகையை மடித்து வைத்த பின், உடனே வேறொன்றை எடுக்காமல் சிறிது நேரம் அப்படியே இருங்கள். கதவுகளை அடைத்துக்கொண்டு அஞ்சியிருந்தவர்களின் நடுவே வந்து நின்றவர், உங்கள் நடுவிலும் வந்து நிற்பாராக. உங்கள் காயங்களை அவரிடம் காட்டுங்கள். அவர் தம்முடையதைக் காட்டுவார்.